விளிம்பில் ஒதுங்கிய மண்: டிராக்டர் பிளேடு கொண்டு கிராவல் பாதையைச் சீர்செய்த அனுபவம்

கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் இடையில், தார்ச்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி எங்கள் தோப்பு வீடு இருக்கிறது. சாலையிலிருந்து வாசல் வரை 200 மீட்டர் கிராவல் பாதை. அகலம் 12 அடி. காரும் பால்காரரின் இருசக்கர வண்டியும் தினமும் வந்து போகும். தேங்காய் வெட்டு முடிந்தால் மினி லாரி வரும். தார் போட்டுவிடுங்கள், சிமெண்ட் கல் பதித்துவிடுங்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாதையின் இரு பக்கமும் வேம்பும் புளியும் நிற்கின்றன. அவற்றின் வேர் எந்தத் தாரையும் ஒருநாள் தூக்கிவிடும். தார் உடைந்தால் அதைச் சரிசெய்ய வெளியாட்களும் இயந்திரமும் வர வேண்டும். கிராவல் பாதை உடைந்தால் நம் டிராக்டரும் நம் கையும் போதும். நன்றாகப் பராமரித்த செம்மண் கிராவல் பாதைக்கு ஈடாக இந்த ஊர் வெயிலுக்கும் மண்ணுக்கும் வேறொன்று இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மழைக்காலம் முடிந்ததும் இரண்டு லோடு கிராவல் இறக்கிக் குழிகளை நிரப்புவது இந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லாருக்கும் வழக்கம். அடுத்த மழையில் அதே குழி அதே இடத்தில் திரும்பி வரும். மறுபடி இரண்டு லோடு. இது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. இப்படி ஆண்டுக்காண்டு கொட்டிய மண்ணெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருமுறையாவது தேடிப் பார்க்க வேண்டும். பாதையின் ஓரத்தில் அருகம்புல் மண்டிக் கிடக்கும் இடத்தில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். வேருக்குக் கீழே நாம் காசு கொடுத்து வாங்கிய கல்லும் செம்மண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கும். சக்கரம் தள்ளியும் மழைநீர் இழுத்தும் அது விளிம்புக்குப் போய்விட்டது. அந்த மண்ணை நடுவுக்குத் திரும்பக் கொண்டுவந்து, தண்ணீர் வழிந்தோடும்படி வடிவம் கொடுத்தாலே பாதிக்கும் மேற்பட்ட செலவு மிச்சமாகிறது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் பிளேடு, அதாவது மண்ணைச் சீவித் தள்ளும் வளைந்த இரும்புத் தகடு, இருப்பது அதற்காகத்தான்.

குழி எப்படி உண்டாகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பாதையில் சிறிய பள்ளம் ஒன்றில் தண்ணீர் நிற்கிறது. அடியில் உள்ள மண் ஊறி இளகுகிறது. கார் சக்கரம் அதில் இறங்கும்போது செந்நீர் பக்கவாட்டில் பீச்சியடிக்கிறதல்லவா, அந்தச் செந்நீரில் இருப்பது கற்களைப் பிடித்து வைத்திருந்த நுண்மண். ஒவ்வொரு சக்கரமும் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியே எடுத்துவிடுகிறது. பிணைப்பு போன பிறகு கல் தனித்தனியாகக் கழன்றுகொள்கிறது. குழி ஆழமாகிறது, ஆழமானதால் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் நிற்கிறது. இந்தக் கிண்ணத்தின் அடியும் சுவரும் வண்டி ஏறி ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும். அதற்குள் புதுமண்ணைக் கொட்டினால் பழைய மண்ணோடு அது சேராது. கிண்ணம் கிண்ணமாகவே இருக்கும், கொட்டிய மண் மட்டும் வெளியேறும். எனவே குழியின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் கிளறி, கிண்ணத்தையே இல்லாமல் செய்த பிறகுதான் பாதைக்கு வடிவம் கொடுக்க வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது.

எங்களிடம் இருப்பது 45 குதிரைத்திறன் டிராக்டர். பிளேடு வாங்கும்போது 6 அடியா 7 அடியா என்ற கேள்வி வந்தது. கடைக்காரர் 6 அடி போதும் என்றார். நான் 7 அடிதான் வாங்கினேன். காரணம் எளிய கணக்கு. பிளேடைக் குறுக்கே நேராக வைத்து இழுக்கும் வேலை மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு முனை முன்னாலும் மறுமுனை பின்னாலும் இருக்கும்படி 30 டிகிரி சாய்த்துத்தான் இழுக்கிறோம். அப்படிச் சாய்க்கும்போது 7 அடி பிளேடு 6 அடி அகலத்தைத்தான் மூடும், 6 அடி பிளேடு ஏறக்குறைய 5 அடி 2 அங்குலத்தோடு நின்றுவிடும். டிராக்டரின் பின்சக்கரத் தடமே கிட்டத்தட்ட 6 அடி வெளியகலம் இருக்கும்போது, 5 அடி சொச்சம் மட்டுமே மூடும் பிளேடால் அந்தத் தடத்தை முழுவதும் அழிக்க முடியாது. எங்கள் பாதையின் பாதி அகலமும் 6 அடி என்பதால் 7 அடி பிளேடு ஒரு பக்கத்தை ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறது.

பிளேடு மாட்டியதும் மூன்று விஷயங்களைச் சரிபார்க்கிறேன். முதலாவது, கீழ் இணைப்புக் கைகளின் பக்கவாட்டுச் சங்கிலி. அது தளர்ந்திருந்தால் சாய்த்த பிளேடு ஒரு பக்கமாக ஒதுங்கி ஆடும், வெட்டு நேராக வராது. இரண்டாவது, டாப் லிங்க், அதாவது பிளேடின் மேற்பகுதியை டிராக்டரோடு இணைக்கும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தண்டு. இதில்தான் வேலையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. டாப் லிங்கைச் சுருக்கினால் பிளேடின் மேல்விளிம்பு முன்னே சாய்ந்து, வெட்டுமுனை பின்தங்கும். அப்போது பிளேடு ஆழமாகக் கடிக்காமல் மண்ணைப் புரட்டிக் கலந்து பரப்பும். டாப் லிங்கை நீட்டினால் மேல்விளிம்பு பின்னே போய் வெட்டுமுனை முன்னே வரும், அப்போது கடி கூடும். விளிம்புப் புல்லை வெட்டும்போது நீட்டியும், கடைசியில் பரப்பும்போது சுருக்கியும் வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது, வலப்பக்கத் தூக்குத் தண்டில் உள்ள கைப்பிடி. அதைச் சுற்றினால் பிளேடின் வலது முனை ஏறும் அல்லது இறங்கும். பாதைக்குச் சரிவு கொடுப்பது இந்தக் கைப்பிடிதான்.

பிளேடைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் நெம்புகோல் இரண்டில் உழவுக்குப் பயன்படுத்துவதை இங்கே தொடக்கூடாது. அது இழுவை கூடினால் தானாகத் தூக்கிவிடும், கெட்டியான இடத்தில் பிளேடு எழும்பி இளகிய இடத்தில் புதைந்துவிடும். நிலை மாறாமல் பிடித்து நிறுத்தும் நெம்புகோலைத்தான் பயன்படுத்த வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. பின்பக்க பிளேடு டிராக்டரின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறது. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பின்னால் பிளேடு தூக்கிக்கொள்கிறது, முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பிளேடு மண்ணில் அழுந்துகிறது. கவனிக்காமல் ஓட்டினால் இருக்கிற மேடுபள்ளம் இரட்டிப்பாகும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, பிளேடைச் சாய்த்தே ஓட்டுவது. அப்போது இரண்டு முனைகளும் வெவ்வேறு இடத்தில் மண்ணைத் தொடுவதால் ஒரு பள்ளத்தில் மொத்தமாக விழுவதில்லை. மற்றொன்று வேகம். பக்கத்தில் ஒருவர் சற்று விரைந்து நடந்து வந்தால் டிராக்டரோடு ஒட்டி வர முடிய வேண்டும், மணிக்கு 5 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் பிளேடு துள்ள ஆரம்பிக்கிறது.

இந்த வேலைக்கு நாள் பார்ப்பது ஒரு கலை. செட்டிநாட்டில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் ஆவணி, புரட்டாசியில் வெயில் காய்ந்த நாளின் மாலையில் இடியோடு ஒரு மழை இறங்கும். அதுதான் எனக்கு வேண்டிய மழை. எங்கள் டிராக்டர் ஓட்டும் தம்பி இதை அழகாகச் சொல்வார்: “அண்ணே, காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. நடுவில் ஒருநாள்தான் மண் நம் பேச்சைக் கேட்கும்.” அந்த ஒருநாளைக் கண்டுபிடிக்கக் கையே போதும். பாதையில் இரண்டு அங்குலம் கிளறி ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடிக்கிறேன். கையைத் திறந்தால் உருண்டை உதிராமல் விரல் தடத்தோடு நிற்க வேண்டும். உள்ளங்கையில் செந்நிறம் ஒட்டலாம், ஈரம் கசியக்கூடாது. கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாகப் பிளக்க வேண்டும், பிசைந்த மாவாக நசுங்கக் கூடாது. இப்படி இருக்கும் மண் பிளேடு முன்னால் சுருண்டு சுருண்டு உருளும். கல்லும் நுண்மண்ணும் ஒன்றோடொன்று கலந்தபடியே போகும். காய்ந்த மண்ணாக இருந்தால் நுண்மண் புழுதியாகப் பறந்துவிடும், கல் மட்டும் தனியாக உருளும். அப்படிச் செய்த வேலை ஒரு மாதம் கூட நிற்காது. மழை வராத ஆண்டில் முந்தின நாள் மாலை டேங்கரில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் அதே பதம் கிடைக்கிறது. நீரை ஒரே இடத்தில் பாய்ச்சிவிடாமல் இரண்டு மூன்று முறையாக மெல்லத் தெளிக்க வேண்டும்.

முதலில் கிளறல். வெளிநாடுகளில் இதற்கென்று பற்கள் வைத்த பெட்டி பிளேடு இருக்கிறது. எங்களுக்கு ஒன்பது கொழுக் கலப்பையே அந்த வேலையைச் செய்கிறது. எங்கள் மண்ணுக்கடியில் செம்புராங்கல் இருப்பதால் ஒன்பது கொழுவையும் ஒன்றாக இறக்கினால் டிராக்டர் திணறும். நான்கைக் கழற்றிவிட்டு ஐந்தோடு ஓட்டுகிறோம். எந்தக் குழி எல்லாவற்றிலும் ஆழமோ அதன் அடியை அளந்து, அதற்கும் அரை அங்குலம் கீழே கொழு போகும்படி வைக்கிறோம். பெரும்பாலும் மூன்று அங்குலம், மூன்றரை அங்குலம் போதும். அதற்கு மேல் ஆழமாகப் போனால் கீழே நன்றாக இறுகிக் கிடக்கும் அடித்தளத்தைக் கலைத்துவிடுவோம். புளிய மரத்தடியில் மட்டும் கலப்பையைத் தூக்கிக்கொள்கிறோம். வேரை அறுப்பதும் பாவம், கொழு வளைவதும் நஷ்டம். அங்கே கடப்பாரையால் கிளறுவதுதான் சரி.

கிளறியதும் பிளேடு. தார்ச்சாலையிலிருந்து வீட்டை நோக்கி, டிராக்டரின் இடது சக்கரம் இடது விளிம்பில் போகும்படி ஓட்டுகிறோம். பிளேடின் இடது முனை முன்னாலும் வலது முனை பின்னாலும் இருக்கும். புல்லோடு சேர்ந்த ஓரமண்ணை இடது முனை வெட்டி எடுக்கிறது. அது பிளேடின் வளைவில் உருண்டு வலது முனை வழியாக நடுப்பாதையில் ஒரு நீண்ட வரப்பாக விழுகிறது. வாசலில் திரும்பி வரும்போது மறு விளிம்பும் ஓட்டுநருக்கு இடப்பக்கமே வருவதால் கோணத்தை மாற்ற வேண்டியதில்லை. இப்படி இரு பக்கமும் போய் வந்தால் நடுவில் முழங்கால் உயரத்துக்குக் குறைவாக ஒரு வரப்பு கிடக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி சொல்லி முடியாது. ஒரு லோடும் வாங்காமல் இவ்வளவு மண் நம் பாதையிலேயே இருந்திருக்கிறது.

வரப்பில் புல்வேர் நிறைய இருக்கும். அதை அப்படியே பரப்பிவிடக் கூடாது. வேர் மக்கினால் அந்த இடம் பஞ்சுபோல் அமுங்கி மறுபடி குழி விழும். இரண்டு ஆட்கள் பல் வைத்த இரும்பு வாரியால் வரப்பைச் சீவி, புல்லையும் வேரையும் ஒதுக்கித் தென்னை மூட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் இயந்திரம் கை கொடுக்காது. பொறுமையாக மனிதர்தான் செய்ய வேண்டும். அப்பச்சி இருந்த காலத்தில் தீபாவளிக்கு முன்பு ஆட்களை விட்டு ஓரப்புல்லைச் செதுக்கச் சொல்வார். அழகுக்காக என்றே பலர் நினைத்தார்கள். ஓரத்தில் புல் மேடு கட்டிவிட்டால் மழைநீர் பக்கவாட்டில் வெளியேற முடியாமல் பாதையின் மேலேயே, சக்கரத் தடத்தில் வாய்க்காலாக ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். அவர் செதுக்கச் சொன்னதன் பலன் அதுதான்.

அடுத்தது பரப்புதல். பிளேடின் கோணத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, வலது முனை முன்னால் வரும்படி மாட்டுகிறோம். வலது முனை நடு வரப்பைப் பிடித்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இடது விளிம்பை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். இப்போது பிளேடு தரையைக் கடிக்கக் கூடாது, டாப் லிங்கைச் சுருக்கியாகிவிட்டது. வலது முனையைக் கைப்பிடியால் சற்று ஏற்றி வைப்பதால் நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் மண் படிகிறது. பிளேடை நேராக வைத்து வரப்பின் மேல் ஏற்றி ஓட்டிச் சமப்படுத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பாதையின் நடு முதுகு தட்டையாகிவிடும். தட்டையான இடத்தில் தண்ணீர் நிற்கும், நின்றால் குழிதான்.

பாதையின் குறுக்குவெட்டு நாட்டு ஓட்டுக் கூரையைப் போல இருக்க வேண்டும். நடுவில் முகடு, அங்கிருந்து இரு பக்கமும் நேர்கோட்டுச் சரிவு. இதைச் சாலை போடுகிறவர்கள் கேம்பர் என்கிறார்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர் அமைப்பு கிராமச் சாலைகளுக்காக வெளியிட்ட கையேடு கிராவல் பாதைக்கு, ஆண்டு மழை 1000 மில்லிமீட்டருக்குக் குறைவான பகுதியில் 3.5 சதவீதமும் அதற்கு மேற்பட்ட பகுதியில் 4 சதவீதமும் சரிவு கொடுக்கச் சொல்கிறது. நான் எங்கள் பாதைக்கு 4 சதவீதத்தையே எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு மழை ஆண்டு முழுவதும் பிரிந்து பெய்வதில்லை, இரண்டு மூன்று மாதத்தில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. கொட்டும் நேரத்தில் சரிவு போதாவிட்டால் ஆண்டுச் சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தச் சரிவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சரிவு அரை அங்குலம் குறைந்தால் கண் அதைக் கண்டுபிடிக்காது, தண்ணீர் கண்டுபிடித்துவிடும். எங்கள் வீட்டுச் சுண்ணாம்புக் காரைச் சுவர்களைப் பழுதுபார்க்க வரும் கொத்தனார் இதற்கு ஒரு வழி சொன்னார். வளைவில்லாத 6 அடி மட்டப்பலகை ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையின் அடியில் 3 அங்குல உயரக் கட்டையை ஆணியடித்துப் பொருத்திக்கொண்டோம். 72 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்பது 4 சதவீதத்துக்கு மிக அருகில் வருகிறது. கட்டை உள்ள முனையைப் பாதையின் விளிம்பிலும் மறுமுனையை நடு முகட்டிலும் வைத்து, பலகையின் மேல் ரசமட்டத்தை வைக்க வேண்டும். குமிழி நடுவில் நின்றால் சரிவு சரி. குமிழி முகட்டுப் பக்கம் ஓடினால் சரிவு அதிகம், விளிம்புப் பக்கம் ஓடினால் சரிவு போதாது. பத்தடிக்கு ஓரிடம் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம். பலகைக்கு அடியில் வெளிச்சம் தெரியும் இடம் பள்ளம். பிளேடு ஓட்டும்போதே ஒருவர் இந்தப் பலகையோடு பின்னால் நடந்தால் தம்பிக்கு உடனுக்குடன் சொல்லிவிட முடியும். முதல் தடவைதான் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சரிவைத் தேட வேண்டும். ஒருமுறை முகடு அமைந்துவிட்டால் அடுத்த முறை டிராக்டரே அந்தச் சரிவில் சாய்ந்து ஓடும், பிளேடும் தானாக அதே சாய்வுக்கு வந்துவிடும்.

எங்கள் பாதையில் புளிய மரத்தருகே ஒரு வளைவு இருக்கிறது. அங்கே நடுமுகடு வைக்கவில்லை. வெளிப்பக்கம் உயர்ந்து உள்பக்கம் தாழ்ந்த ஒரே சரிவு. வளைவில் வண்டி வெளிப்பக்கம் தள்ளும்போது சக்கரம் கல்லை வெளியே எறியாமல் இருக்க இது உதவுகிறது. வளைவுக்கு முன்பும் பின்பும் சில மீட்டர் தூரத்தில் முகடு மெல்ல மெல்ல மாறும்படி செய்ய வேண்டும், சடாரென்று மாறினால் வண்டி தூக்கிப்போடும்.

பரப்பிய பிறகு பிளேடை முழுக்கத் திருப்பி, அதன் முதுகுப்பக்கம் முன்னால் வரும்படி மாட்டி, மண்ணைத் தொட்டும் தொடாமலும் ஒரு ஓட்டம். இது சின்னச் சின்னக் கோடுகளை அழித்து மேல்மண்ணைத் தடவிவிடுகிறது. பிறகு இறுக்கம். சாலை உருளை வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தண்ணீர் நிரப்பிய டேங்கரை டிராக்டரில் மாட்டி, ஒவ்வொரு ஓட்டத்திலும் சக்கரத்தை ஒரு டயர் அகலம் தள்ளித் தள்ளி ஓட்டுகிறோம். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும். நடுவில் தொடங்கினால் மண் ஓரத்துக்கு நழுவி, கஷ்டப்பட்டு அமைத்த முகடு தாழ்ந்துவிடும்.

தண்ணீரைப் பாதையை விட்டு இறக்கிவிட்டால் மட்டும் வேலை முடியாது, அது போக இடம் வேண்டும். செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள் இதில் வல்லவர்கள். வீட்டுத் தளத்தைத் தெருமட்டத்துக்கு மேலே உயர்த்தி, வீட்டின் நடுமுற்றமான வளவில் விழுந்த மழைநீரைத் தெருவுக்கு இறக்கி, தெருவிலிருந்து ஊருணிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சொட்டும் சுவரடியில் தேங்க விடவில்லை. எங்கள் பாதைக்கும் அதே நோக்கில் இரு ஓரமும் ஒரு அடி ஆழ வாய்க்கால் எடுத்திருக்கிறோம். இதையும் பிளேடே செய்கிறது. கைப்பிடியைச் சுற்றி ஒரு முனையை நன்றாகத் தாழ்த்தி, கோணத்தையும் கூட்டி, அந்த முனையை வாய்க்கால் கோட்டில் இறக்கி ஓட்டினால் சாய்வான பள்ளம் விழுகிறது. ஒரே தடவையில் ஒரு அடி ஆழம் எடுக்கக் கூடாது. மூன்று நான்கு முறையாகச் சீவிச் சீவி இறக்க வேண்டும். முப்பது மீட்டருக்கு ஓரிடத்தில் வாய்க்காலிலிருந்து தோப்புக்குள் ஒரு திறப்பு. மீதி நீர் சரிவோடு ஓடிச் சிறிய ஊருணியில் சேர்கிறது. நல்ல மழை பெய்யும்போதே குடையோடு பாதையில் நடந்து, தண்ணீர் தயங்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டுவைப்பது என் வழக்கம். வெயிலில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாத பள்ளம் மழையில் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும்.

வாசல் இரும்புக் கதவுக்கு முன்னால் குறுக்கே வரிவரியாக அலைமேடுகள் எழுவது பெரும் தொல்லை. கார் அதில் ஏறினால் பல் கிட்டித்துவிடும். இது வண்டியின் ஸ்பிரிங்கால் வருவது என்று பலரும் சொல்வார்கள். 2007இல் இயற்பியலாளர்கள் தாபெர்லே, மாரிஸ், மெக்கெல்வேன் மூவரும் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து வெளியிட்டார்கள். வட்டமாகச் சுழலும் மணல் தளத்தின் மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டபோது, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால் அலைகள் தாமே எழுந்தன. மணல் இறுகுவதோ பெரிய துகள் சிறிய துகள் பிரிவதோ அதற்கு அவசியமில்லை என்றும் அவர்களின் கணினிக் கணக்கீடு காட்டியது. ஆக, முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. உதிர்ந்து கிடக்கும் காய்ந்த மேல்மண்ணும், திடீரென்று பிரேக் பிடிப்பதும், சக்கரம் சுழல முடுக்குவதும் அலைக்குத் துணைபோகின்றன. கதவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைக்கும்படி வருகிறவர்களிடம் வேண்டிக்கொள்கிறேன், மினி லாரி ஓட்டுநர்களிடம் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பழுதுபார்க்கும்போது அலையின் மேட்டை மட்டும் சீவிப் பள்ளத்தை நிரப்பினால் சில வாரத்தில் அதே வரிகள் திரும்பும். இங்கும் பள்ளத்தின் அடிவரை வெட்டிக் கிளறி ஈரத்தோடு கலந்து இறுக்கினால்தான் நிற்கும்.

என்னதான் திரும்பக் கொண்டுவந்தாலும் நுண்மண் புழுதியாகவும் செந்நீராகவும் போய்க்கொண்டேதான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுமண் போடத்தான் வேண்டும். அப்போது எந்த மண் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கல், மணல், நுண்மண் மூன்றும் அளவாக இருக்க வேண்டும். மேல்தளக் கல் முக்கால் அங்குலத்துக்கு மிகக் கூடாது. பெரிய கல் பிளேடில் மாட்டி இழுபட்டுக் கோடு கிழிக்கும். நுண்மண் நூற்றுக்கு எட்டிலிருந்து பதினைந்து பங்கு இருந்தால் கல்லைப் பிடித்துக்கொள்ளும். வெறும் ஜல்லியை வாங்கிப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், பிணைப்பு இல்லாததால் சக்கரத்துக்கடியில் உருண்டு கொண்டேயிருக்கும். எங்கள் பக்கத்துச் செம்புரைக் கிராவலில் சிவந்த களி இயற்கையாகவே உண்டு. சில இடத்து மண்ணில் களி மிகுந்து, மழையில் வழுக்கும். ஒரு கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் தெரிந்துவிடும். கல்லும் மணலும் உடனே அடியில் படியும். மேலே மெல்லப் படியும் வண்டல், களியின் தடிமனை மறுநாள் அளந்து பார்க்கலாம். களி மிகுந்த மண்ணோடு புதுக்கோட்டைப் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து வரும் அரை அங்குல, முக்கால் அங்குல உடைகல்லைச் சேர்த்துப் பிளேடால் புரட்டிக் கலக்கிறோம். உடைகல்லின் முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், ஆற்றுக் கூழாங்கல் அப்படிக் கோக்காது.

அளவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 200 மீட்டர் என்பது 656 அடி. 12 அடி அகலத்துக்கு, இறுகிய பின் 2 அங்குலத் தடிமன் வேண்டுமானால் சுமார் 1,300 கன அடி, அதாவது 13 யூனிட். உதிரியாகக் கொட்டும் மண் இறுகும்போது அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டி 16 யூனிட் சொல்ல வேண்டும். லாரி வரும்போது நடைச்சீட்டை, அதாவது மண் எடுத்துச் செல்வதற்கான அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சீட்டு இல்லாத மண் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். அது ஏதோ ஒரு கண்மாயிலிருந்தோ புறம்போக்கிலிருந்தோ திருடப்பட்டதாக இருக்கலாம். நம் பாதைக்காக ஊரின் நீர்நிலையைக் குடைய விடுவது நியாயமில்லை. டிப்பர் ஓட்டுநரிடம் ஒரே குவியலாகக் கொட்டாமல் மெல்ல நகர்ந்துகொண்டே இறக்கச் சொன்னால் பிளேடு வேலை பாதியாகக் குறைகிறது.

தார்ச்சாலையில் பாதை சேரும் இடத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். தார் விளிம்பு வரை முகட்டைக் கொண்டுபோகக் கூடாது. கடைசி பதினைந்து மீட்டரில் முகட்டை மெல்லத் தாழ்த்தி, தார் மட்டத்தோடு சேர்க்க வேண்டும். பிளேடைத் தாரை நோக்கி இழுக்காமல் தாரிலிருந்து உள்நோக்கி இழுப்பதும் முக்கியம். தார்மீது உதிர்ந்து கிடக்கும் கல் இருசக்கர வண்டியில் வருகிறவரைச் சறுக்கி விழவைத்துவிடும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டுத்தான் டிராக்டரை நிறுத்துகிறோம். நிறுத்தும்போது பிளேடைத் தரையில் இறக்கிவிடுவது கட்டாயம். ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கியபடி விட்டால், அதனடியில் விளையாடும் குழந்தையின் காலுக்கு ஆபத்து.

பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் வெட்டுத் தகடு நடுவில்தான் முதலில் தேயும். தேய்ந்த தகடு நடுவில் வளைந்துகொள்வதால் வெட்டும் வளைந்தே விழும், நேர்ச்சரிவு வராமல் பாதையின் முதுகு உருண்டு போகும். ஒரு நூலைப் பிடித்து அடிவிளிம்பைப் பார்த்தால் தேய்மானம் தெரியும். தகட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் மறுவிளிம்பு புதிதாகக் கிடைக்கும். தகடு முழுதும் தேய்ந்து பிளேடின் உடலே மண்ணில் உரசும் வரை விட்டுவிட்டால் பிளேடையே மாற்ற வேண்டி வரும். போல்ட்டுகளுக்கு மழைக்காலத்துக்கு முன்பு எண்ணெய் விட்டு வைத்தால் கழற்றும்போது சிரமமில்லை.

இந்தத் தை மாதம், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, ஊருணிப் பக்கம் பாதைக்குக் குறுக்கே போகும் குழாயை மாற்றப் போகிறோம். இப்போது இருப்பது 6 அங்குலம். வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டு நீர் பாதைமேல் ஏறுகிறது. 12 அங்குல சிமெண்ட் குழாயை, அதன் மேல் ஒரு அடிக்குக் குறையாமல் மண் இருக்கும்படி ஆழத்தில் இறக்கி, இரு வாயிலும் செம்புராங்கல் அடுக்க வேண்டும். குழி எடுத்த இடத்தில் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்து இறுக்கிக்கொண்டே வந்த பிறகுதான் அங்கே பிளேடு ஓடும்.